விடைகள் எல்லாமே தெரிந்தவை போலத் தோன்றுவது ஏன்?

அம்மாபேட்டை நண்பருக்கு வணக்கம். குரூப் 4 தேர்வுக்காகப் புவியியலைப் பலமுறை வாசித்திருந்தும், சேர்வராயன் மலையில் கிடைக்கும் தாது எது என்ற வினாவில் பாக்சைட், மேக்னசைட், இரும்புத்தாது மூன்றுமே படித்தவையாகத் தோன்றியதால் தடுமாறியதாக எழுதியிருந்தீர்கள்.

மூன்றும் சேலத்தோடு சேர்த்தே பாடத்தில் வருபவை என்பதால் அந்தத் தடுமாற்றம் இயல்பானதே. எங்கோ பார்த்திருக்கிறோம் என்னும் பரிச்சய உணர்வு வேறு, இன்னதோடு சேர்த்துப் படித்தோம் என்று மீட்டெடுக்கும் நினைவு வேறு என உளவியலாளர் ஜார்ஜ் மாண்ட்லர் 1980இல் விளக்கினார். திரும்பத் திரும்ப வாசிப்பதும் அடிக்கோடிடுவதும் பெரும்பாலும் முன்னதையே வளர்க்கின்றன. கொள்குறி வினாவிலோ தவறான விடைகளும் அதே பரிச்சயத்தோடுதான் வந்து நிற்கின்றன.

ஆகவே புத்தகத்தை மூடிவிட்டு, பாக்சைட்டுக்குச் சேர்வராயன் மலை, மேக்னசைட்டுக்குக் கருப்பூர்ப் பக்கத்து வெள்ளைக்கல் சுரங்கங்கள், இரும்புக்குக் கஞ்சமலை என்று வெற்றுத்தாளில் எழுதிப் பார்த்த பிறகு சரிபாருங்கள். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கேயும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் (அது கொள்குறித் தேர்வன்று, உரைப்பகுதியை நினைவுகூரும் சோதனை), 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். பழைய வினாத்தாள்களிலும் வினாவின் கீழுள்ள விடைத் தெரிவுகளைக் கையால் மறைத்துக்கொண்டு, உங்கள் விடையை முதலில் குறித்துவிட்டுப் பிறகு கையை எடுங்கள்.