மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒன்றை வைத்தே உணவில் உள்ள உலோகங்களையும் புரதங்களையும் கண்டுபிடிக்க முடியுமா? லேப் தரும் ரிப்போர்ட்டை எவ்வளவு நம்பலாம்?

ஒரே கருவியில் முடியாது. பெயர்தான் ஒன்று. உணவுப் பரிசோதனைக் கூடத்தில் உலோகத்துக்கு ஒரு அறை, புரதத்துக்கு வேறொரு அறை. நான் உலோக அறை ஆள். அதனால் ஈயம், ஆர்சனிக் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடிப்படை யோசனை எளிதுதான். களத்தில் நெல் தூற்றும்போது மணி கிட்டே விழும், பதர் தள்ளிப்போய் விழும். இங்கே காற்றுக்குப் பதில் மின்புலம். மின்னூட்டம் ஏற்றிய துகள்களை வெற்றிடத்தில் ஓடவிட்டு, எடை வாரியாகப் பிரித்து எண்ணுகிறோம். எங்கள் கருவியில் நான்கு உலோகத் தண்டுகளுக்கு நடுவே அயனிகள், அதாவது அந்த மின்னூட்டத் துகள்கள், ஓடும். மின்னழுத்தத்தை மாற்ற மாற்ற, ஒரு நேரத்தில் ஒரு எடை மட்டும் தப்பி மறுமுனைக்கு வந்து சேரும், மற்றவை தண்டில் மோதிப் போய்விடும். அந்த அயனியை எப்படி உண்டாக்குகிறோம் என்பதில்தான் இரண்டு அறைகளும் பிரிகின்றன.

உலோகம் தெரிய வேண்டுமென்றால் உணவை உணவாக விட்டுவைக்கக் கூடாது. அரை கிராம் அரிசி மாவை டெஃப்லான் குடுவையில் போட்டு, நைட்ரிக் அமிலம் ஊற்றி, இறுக மூடி, அழுத்தம் தாங்கும் மைக்ரோவேவில் 200 டிகிரி வாக்கில் சூடாக்குவோம். ஆறியபிறகு திறந்தால் மாவு இருக்காது, தெளிந்த திரவம்தான் இருக்கும். அதில் தண்ணீர் சேர்த்து, பனி போல நுண்துளிகளாக்கி ஆர்கான் பிளாஸ்மாவுக்குள், அதாவது மின்னூட்டம் பெற்றுக் கொதிக்கும் ஆர்கான் வாயுவுக்குள், அனுப்புவோம். அங்கே வெப்பம் 6,000 முதல் 10,000 கெல்வின். எந்த மூலக்கூறும் அதற்குத் தாங்காது. அணு அணுவாக உடைந்து, எலக்ட்ரானை இழந்து அயனியாகிவிடும். இதைத்தான் ஐசிபி-எம்எஸ் என்கிறோம். நூறு கோடியில் ஒரு பங்கு ஈயம் இருந்தாலும் எண்ணிவிடும்.

இவ்வளவு கூர்மை இருப்பதுதான் தொல்லையும். ஸ்டீல் பிளேடு மிக்ஸியில் அரைத்தால் குரோமியமும் நிக்கலும் சேர்ந்துவிடும். பவுடர் போட்ட கையுறையிலிருந்து துத்தநாகம் வரும். கண்ணாடிப் பாத்திரத்தை முடிந்தவரை தொடுவதில்லை, பிளாஸ்டிக் குப்பிகளையும் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவித்தான் எடுப்போம். ஒவ்வொரு தொகுதியோடும் உணவே போடாத, வெறும் அமிலம் மட்டும் உள்ள குடுவை ஒன்றும் கூடவே போகும். அதில் ஈயம் தலைகாட்டினால் அன்றைய வேலை மொத்தமும் குப்பைக்கு.

சரி, எண் வந்துவிட்டால் அது உண்மையா? நெத்திலிக் கருவாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்சனிக்கின் எடை 75. கருவாட்டில் உப்பு, உப்பில் குளோரின், அதன் எடை 35. பிளாஸ்மா முழுக்க ஆர்கான், அதன் எடை 40. இரண்டும் ஒட்டிக்கொண்டால் 75! கருவிக்கு எடை மட்டும்தான் தெரியும், ஆளைத் தெரியாது. இல்லாத ஆர்சனிக்கை இருப்பதாகச் சொல்லிவிடும். ஊறுகாய்க்கும் இதே கதைதான். இதற்காக வழியில் ஹீலியம் நிரப்பிய சிறு அறை ஒன்று உண்டு. ஆர்கான்-குளோரின் ஜோடி உருவத்தில் பெரியது, ஹீலியத்தில் அதிகம் மோதும், வேகம் இழக்கும். ஆர்சனிக் அணு அவ்வளவு மோதாமல் தாண்டிவிடும். மெதுவாக வருவதை வெளியே நிறுத்திவிடலாம். பாலில் கால்சியம் பார்ப்பவர்களுக்கும் இதே ரகச் சிக்கல்: கால்சியத்தின் முக்கிய எடையான 40இல் ஆர்கானே உட்கார்ந்திருப்பதால், அளவில் குறைந்த 43, 44 ஐசோடோப்புகளை (அதே தனிமத்தின் வேறு எடை அணுக்களை) தேடிப்போக வேண்டும்.

கருவாட்டில் அடுத்த சிக்கலும் உண்டு. உப்புத் தொல்லையை நீக்கியபிறகும் கடல் மீனில் ஆர்சனிக் நிஜமாகவே நிறைய இருக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி ஆர்சனோபீட்டைன் என்ற கரிமச் சேர்மம், அதாவது கார்பனோடு பிணைந்த வடிவம். உடம்பில் மாறாமல் சிறுநீரோடு போய்விடும், விஷமில்லை. அரிசியில் வருவதில் கணிசமான பங்கு கார்பனோடு பிணையாத கனிம ஆர்சனிக், அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. மொத்த ஆர்சனிக்கை மட்டும் பார்த்தால் மீன் வில்லனாகவும் அரிசி நல்லபிள்ளையாகவும் தெரியும்! அதனால் அமிலத்தில் எல்லாவற்றையும் அழிக்காமல், மென்மையாகப் பிரித்தெடுத்து, முதலில் எச்பிஎல்சி என்ற, கலவையைப் பிரிக்கும் கருவியின் குழாயில் ஒவ்வொரு வடிவத்தையும் தனியாக்கி, பிறகு பிளாஸ்மாவுக்கு அனுப்புகிறோம். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு 2014இல் தீட்டிய அரிசிக்கு வைத்த வரம்பு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், அதுவும் கனிம ஆர்சனிக்குக்கு மட்டும். (நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்தால் இது நன்றாகவே குறையும், சமைக்கும் தண்ணீரில் ஆர்சனிக் இல்லாதவரை. கூடவே பி வைட்டமின்களும் வடிந்துவிடும் என்பது வேறு விஷயம்.)

எனக்கு ரொம்பப் பிடித்தது ஈயத்தின் கதை. ஈயத்துக்கு 204, 206, 207, 208 என்று நான்கு ஐசோடோப்புகள். இவற்றில் 206, 207 இரண்டும் யுரேனியம் சிதைந்து வருபவை, 208 தோரியத்திலிருந்து வருவது. அதனால் எந்தச் சுரங்கத்து ஈயம் என்பதைப் பொறுத்து விகிதம் மாறும். பங்களாதேஷ் கிராமங்களில் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்தது. மண்ணா, பூச்சிமருந்தா, உணவா என்று தெரியவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழுவினர் ரத்தத்து ஈயத்தின் விகிதத்தையும் சந்தேகப்பட்ட ஒவ்வொரு பொருளின் விகிதத்தையும் ஒப்பிட்டு 2019இல் வெளியிட்டார்கள். பொருந்தியது மஞ்சள். நிறம் தூக்கலாகத் தெரிவதற்காக விரலி மஞ்சளுக்கு லெட் குரோமேட் என்ற பெயின்ட் நிறமியைப் பூசியிருந்தார்கள். அதன்பிறகு அரசு சந்தைகளில் புகுந்து சோதனையிட்டு அபராதம் போட, 2019இல் 47 சதவீத மாதிரிகளில் இருந்த ஈயம் 2021இல் பூஜ்ஜியமானது. ஒரு விகிதக் கணக்கு இவ்வளவு தூரம் போவது எங்கள் துறையில் அடிக்கடி நடக்காது.

இனி புரதம். இங்கே பிளாஸ்மாவைக் கொண்டுவந்தால் எல்லாம் போச்சு. புரதத்தை அணுவாக்கினால் கார்பனும் நைட்ரஜனும்தான் மிஞ்சும், கடலையா பாலா என்று எப்படிச் சொல்வது? அதனால் புரதத்தைப் பிரித்தெடுத்து, மடிப்புகளைக் குலைத்து, டிரிப்சின் என்ற நொதியோடு 37 டிகிரியில் பெரும்பாலும் இரவு முழுக்க வைப்பார்கள். டிரிப்சின் கண்ட இடத்தில் வெட்டாது. லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்களுக்குப் பின்னால்தான் வெட்டும். எனவே எந்தப் புரதத்திலிருந்து எந்தத் துண்டுகள் வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம். துண்டுகளை மின்னூட்டம் ஏற்றிய துளிகளாகத் தெளித்து, சேதமில்லாமல் அயனியாக்கி எடை பார்ப்பார்கள். பிறகு அதையே வாயுவில் மோதவிட்டு உடைத்து, உடைந்த துண்டுகளின் எடையிலிருந்து வரிசையைப் படிப்பார்கள். இந்தத் தெளிப்பு முறைக்காகத்தான் ஜான் ஃபென் 2002இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார். அந்த அறையின் ஜென்ம எதிரி கெரட்டின், அதாவது நம்முடைய தோலும் முடியும். தலையைச் சொறிந்துவிட்டு மாதிரியைத் தொட்டால் ரிப்போர்ட்டில் உங்கள் புரதம்தான் வரும்.

இதன் பலம் தெரிவது ஜெலட்டினில். மாட்டிலிருந்து வந்ததா பன்றியிலிருந்தா என்று கேட்டால் டிஎன்ஏ சோதனை பல நேரம் கைவிரித்துவிடும், அமிலத்திலும் சூட்டிலும் டிஎன்ஏ சிதைந்திருக்கும். ஜெலட்டினுக்கு மூலமான கொலாஜன் புரதத்தின் துண்டுகள் மிஞ்சியிருக்கும், இரண்டு விலங்குகளுக்கும் சில அமினோ அமிலங்கள் வேறு. அதைப் பிடித்தால் போதும். கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்காகப் பிஸ்கட்டில் கடலைப் புரதம் தேடுவதும் இதே வழியில்தான்.

புரத ‘அளவு’ என்று பாக்கெட்டில் போடுகிறார்களே, அது இந்தக் கருவியில் வருவதில்லை. பெரும்பாலும் 1883இல் கெல்டால் கண்டுபிடித்த முறையில் நைட்ரஜனை அளந்து, 6.25 போன்ற ஒரு எண்ணால் பெருக்கிப் போடுவதுதான். இந்த ஓட்டைக்குள்தான் 2008இல் சீனாவில் மெலமைன் புகுந்தது. அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். தண்ணீர் கலந்த பாலில் போட்டால் புரதம் ஏறியதுபோலத் தெரியும். ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், 6 குழந்தைகள் இறந்தார்கள். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இதில் ஏமாறாது. மெலமைன் 127 என்ற எடையில் வரும், உடைத்தால் 85 கிடைக்கும், அந்த ஜோடி வந்தால் ஆள் அகப்பட்டான். ஆனால் யாராவது மெலமைனைத் தேடச் சொல்லியிருக்க வேண்டும். பாலில் மெலமைனைத் தேட வேண்டும் என்று அதுவரை யாருக்குத் தோன்றியது?

எனவே ரிப்போர்ட்டை நம்புவது பற்றி: கருவியின் விலையைப் பார்த்து நம்பாதீர்கள். லேபுக்கு என்ஏபிஎல் (இந்தியாவில் பரிசோதனைக் கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்பதோடு, நீங்கள் கேட்கும் சோதனை அந்த அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல. ‘கண்டறியப்படவில்லை’ என்று எழுதியிருந்தால் எந்த அளவுக்குக் கீழே என்று கேளுங்கள். ஆர்சனிக் என்றால் மொத்தமா கனிமமா என்று கேளுங்கள். மாதிரி எடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். மஞ்சள் தூள் பாக்கெட்டின் மேலிருந்து ஒரு ஸ்பூன் கொடுத்தால் அந்த ஸ்பூனைப் பற்றித்தான் எங்களால் சொல்ல முடியும். பிரிக்காத பாக்கெட்டை அப்படியே கொண்டுவந்து கொடுங்கள், கலக்கி எடுப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.