குழந்தை பிறக்கறதுக்கு முன்னாடியே மூளையில நெட்வொர்க் எப்படி உருவாகுது?

மூளை நெட்வொர்க்னா பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல, ஒண்ணா சேர்ந்து வேலை செய்யற நரம்பு செல்களும் அதுங்களுக்கு நடுவுல ஓடற இணைப்புகளும்தான். கரு உருவாகி 4 வாரத்துலயே மூளைக்கும் தண்டுவடத்துக்கும் ஆதாரமான குழாய் ஒண்ணு மூடிக்கும், அதோட உள்சுவர்ல பிறக்கற செல்கள்ல நிறைய அங்கேயே தங்காது, நீளமான துணை செல்களைப் பிடிச்சுக்கிட்டே ஏறி வெளிப்பக்கமா தன்னோட இடத்துக்குப் போய்ச் சேரும், அப்புறம் ஒரு நீள இழையை நீட்டி, வழியில இருக்கற கெமிக்கல் சிக்னலை வெச்சு எந்தப் பக்கம் போகணும்னு தெரிஞ்சுக்கும். இதுவரைக்கும் பெரும்பாலும் ஜீன் வேலை.

எனக்கு ஆச்சரியமே இதுக்கு அப்புறம் நடக்கறதுதான். கண்ணு எதையும் பார்க்கறதுக்கு முன்னாடியே விழித்திரை செல்கள் தானாவே அலை அலையா சிக்னல் அனுப்புது (விலங்குகள்ல இதை நல்லாவே பதிவு பண்ணியிருக்காங்க). இது எதுக்குன்னா, ஒரே நேரத்துல சிக்னல் அனுப்பற செல்களுக்கு நடுவுலதான் இணைப்பு பலமாகும், மத்தது மெல்ல மறைஞ்சிடும். ஆள் நடக்க நடக்க ஒத்தையடிப் பாதை தெளிவாகுது, நடக்காத பாதையில புல்லு மூடிடுது, அந்தக் கதைதான்.

பிறக்கும்போதே வயரிங் முழுசா முடிஞ்சிடும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அப்படி இல்ல, நரம்பு செல்கள்ல நிறைய ரெடியா இருக்கும், ஆனா, இணைப்பு கூடறதும் கழியறதும் 20 வயசைத் தாண்டியும் நடந்துக்கிட்டுதான் இருக்கும்.