மூன்று மணிக்கே முழிப்பு

கேள்வி: பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். இரண்டு வருடமாக ஷிப்மெண்ட் நெருக்கடி. விடியற்காலை 3 மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது. பிள்ளையிடம் எரிந்து விழுகிறேன், அப்புறம் பாத்ரூமில் போய் அழுகிறேன். எனக்கு மனநோயா டாக்டர்?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அழுவதற்குக்கூட பாத்ரூம் கதவு தேவைப்படுகிறதே அம்மா, அதுதான் என்னை உறுத்துகிறது.

சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனைச் சுரக்கிறது. நள்ளிரவில் அது அடிமட்டத்தில் இருக்கும். விடியும்போது ஏறி, எழுந்த அரை மணி, முக்கால் மணி நேரத்தில் உச்சம் தொடும். அதைப் 'போதும், நிறுத்து' என்று அடக்குவதில் மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்கும் பங்கு உண்டு. நெருக்கடி வருடக்கணக்கில் நீண்டால் அந்த பிரேக்கே தேயலாம். தூக்கம் கெடும், குக்கர் விசில் சத்தத்துக்கும் கோபம் வரும். ஆஸ்துமாவுக்கு பிரட்னிசலோன் சாப்பிடும் சிலர் தூக்கமில்லாமல், காரணமில்லாமல் அழுவதைப் பார்த்திருக்கிறேன். அதுவும் கார்டிசாலின் உறவுக்கார மருந்துதான்.

ஆகவே இது உங்கள் குணக்கோளாறு இல்லை. மனச்சோர்வாக இருக்கலாம். கார்டிசால் டெஸ்ட்டுக்குப் பணம் கொட்டாதீர்கள், அதை வைத்து மனச்சோர்வைச் சொல்ல முடியாது. தைராய்டு மட்டும் பார்த்துவிட்டு, இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரிடம் போங்கள். இரவில் தவிப்பாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்யுங்கள், இலவசம்தான். சாயங்கால டீயை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.