கதையைச் சொல்லாமல் கதையை அறிமுகப்படுத்துவது எப்படி?

கேள்வி: நான் ஒரு மர்ம நாவலும் ஒரு மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவலும் எழுதி, பதிப்பகம் எதையும் நாடாமல் நானே அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் வெளியிட்டிருக்கிறேன். சமூக ஊடகங்களில் நாள்தோறும் அறிவிக்கிறேன். வாழ்த்துகள் வருகின்றன, வாசகர்கள் வரவில்லை. மர்மக் கதையைப் பற்றி எதைச் சொன்னாலும் முடிச்சு அவிழ்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மிகுபுனைவிலோ எங்கிருந்து சொல்லத் தொடங்குவது என்றே தெரியவில்லை. இரண்டு நூல்களின் அறிமுகக் குறிப்புகளையும் இணைத்திருக்கிறேன். நூல்களைச் சில நாள்கள் இலவசமாகக் கொடுக்கலாமா? நான் என்ன செய்ய வேண்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு, உங்கள் குறிப்புகளோடு இரண்டு நூல்களின் மாதிரிப் பக்கங்களையும் படித்துவிட்டே இதை எழுதுகிறேன். அறிவிப்பில் நீங்கள் குறை வைக்கவில்லை. ஆனால் அந்த அறிவிப்பைப் பார்த்து வந்தவருக்கு நூலின் பக்கத்தில் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை.

மர்ம நாவலுக்கு நீங்கள் எழுதியிருப்பது இது: ‘பரபரப்பான திருப்பங்கள் நிறைந்த, கடைசிப் பக்கம் வரை கீழே வைக்க விடாத கதை.’ இந்த வரியை எந்த மர்ம நாவலின் பின்னட்டையில் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால், இது உங்கள் நாவலைப் பற்றி எதையும் சொல்லவில்லை. ஆனால் உங்கள் இரண்டாம் அத்தியாயத்தில் ஓர் அருமையான காட்சி இருக்கிறது. அதை எடுத்து முன்னால் வைத்தாலே போதும்: ‘கடிகாரம் பழுதுபார்ப்பவர் இறந்து மூன்று நாள்கள் ஆகியிருந்தன. பட்டறைக் கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது. அன்றாடம் சாவி கொடுத்தால் மட்டுமே ஓடக்கூடிய நாற்பது கடிகாரங்களும் ஓடிக்கொண்டிருந்தன.’ இதில் எந்த முடிச்சும் அவிழவில்லை, மாறாக ஒரு முடிச்சு விழுகிறது. மர்மக் கதையில் மறைக்க வேண்டியது விடையை மட்டுமே. கேள்வியை எவ்வளவு வெளிச்சத்தில் வைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. நூலின் முதல் கால் பகுதிக்குள் வாசகருக்குத் தெரியவரும் எதையும் அறிமுகத்தில் தாராளமாகச் சொல்லலாம், அதற்கப்பால் ஒரு சொல்லும் வேண்டாம் என்பது நான் கடைப்பிடிக்கும் அளவுகோல்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகளை 1929-இல் வகுத்துத் தந்த ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ், குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே இடம்பெற்றிருக்க வேண்டும் என்பதை முதல் விதியாக வைத்தார். அவர் பெயரைக் கேள்விப்படாத வாசகருக்கும் அந்த வழக்கம் பழகிப்போயிருக்கிறது. ஆகவே ‘பரிவுமிக்க பக்கத்து வீட்டுக்காரர்’ என்று ஒருவரை அறிமுகக் குறிப்பில் தேவையில்லாமல் நுழைத்தால், தேர்ந்த வாசகர் நூலைத் திறக்கும் முன்பே அவர்மீது ஒரு கண் வைத்துவிடுவார். நீங்கள் நுழைத்திருக்கிறீர்கள். அவர் குற்றவாளியா இல்லையா என்று எனக்குத் தெரியாது, ஆனால் சந்தேகம் வந்துவிட்டது.

மிகுபுனைவு நாவலின் குறிப்பில் நேர்மாறான சிக்கல். முதல் பத்தியிலேயே மூன்று அரசுகள், இரண்டு குலங்கள், ஒரு மலை, ஒரு வாள் என ஏழு புதுப்பெயர்கள் வருகின்றன. நீங்கள் அந்த உலகில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர், வாசகரோ இப்போதுதான் வாசற்படியில் நிற்கிறார். அவருக்கு ஒரு மனிதரையும், அந்த மனிதரின் ஒரு தேவையையும், உங்கள் உலகத்துக்கே உரிய ஒரு விதியையும் காட்டுங்கள். கடனுக்கு ஈடாக நிழலை அடகு வைக்கும் நாடு என்பது மிக நல்ல கற்பனை. அதைப் போய் நான்காம் பத்தியில் புதைத்திருக்கிறீர்கள். ‘தாயின் நிழலை மீட்கப் பதினொரு ஆண்டுகள் உழைத்துப் பணம் சேர்த்தவள் அடகுக்கடைக்கு வந்தபோது, யாரோ அதை முன்பே மீட்டுச் சென்றிருந்தார்கள்’ என்று தொடங்கினால், மூன்று அரசுகளின் பெயர்களை வாசகர் பிறகு தாமாகவே தேடித் தெரிந்துகொள்வார். நிலப்படத்தையும் வமிச அட்டவணையையும் மின்னூலின் கடைசிக்கு மாற்றிவிடுங்கள். கிண்டிலில் இலவச மாதிரியாகக் கிடைப்பது நூலின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ பத்து விழுக்காடு. அதில் பாதியை அட்டவணைகள் தின்றுவிட்டால் கதைக்கு இடம் ஏது?

இலவசமாகக் கொடுப்பது பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கிண்டிலின் ‘செலக்ட்’ திட்டத்தில் சேர்ந்தால் ஒவ்வொரு 90 நாள் காலத்திலும் ஐந்து நாள்கள் வரை நூலை இலவசமாகத் தரலாம். ஆனால் அந்தக் காலம் முழுவதும் அந்த நூலை மின்வடிவில் வேறெங்கும் வெளியிட முடியாது. முதலில் தொடராக வெளியிட்டு வாசகர்களைச் சேர்க்கும் எண்ணம் இருந்தால், திட்டத்தில் சேரும் முன்பே இதை முடிவு செய்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால், தொடர்ச்சியான அடுத்த பாகம் தயாராகும் வரை இலவச நாள்களைச் செலவழிக்க வேண்டாம் என்பேன். முதல் நூலை முடித்தவர் அடுத்ததை எங்கே தேடுவார்?

விமர்சனத்துக்காக உறவினர்களை நாட வேண்டாம். குடும்பத்தினரும் நெருங்கிய நண்பர்களும் எழுதும் மதிப்புரைகளை அமேசானின் விதிகள் ஏற்பதில்லை. மாறாக, உங்களை முன்பின் அறியாத, இவ்வகைக் கதைகளை வழக்கமாகப் படிக்கும் சிலருக்கு நூலை அனுப்பி, நேர்மையான கருத்தைக் கேளுங்கள். மர்ம நாவலை அனுப்பும்போது, எந்தப் பக்கத்தில் யார்மீது முதலில் சந்தேகம் வந்தது என்பதைத் தனியாக உங்களுக்கு மட்டும் எழுதச் சொல்லுங்கள். பாராட்டைவிட அந்தப் பக்க எண் உங்களுக்கு அதிகம் பயன்படும். இரண்டு நூல்களுக்கும் வாசகர்கள் பெரும்பாலும் வெவ்வேறானவர்கள் என்பதால், ஒரே அறிவிப்பில் இரண்டையும் சேர்த்துச் சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அதற்காகப் புனைபெயர் தேடி அலைய வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. மர்ம நாவலின் முன்னுரையில், நஞ்சு உடலில் வேலை செய்யும் விதத்தைப் பொறுமையாக விளக்கிய மருத்துவ நண்பருக்கு நன்றி தெரிவித்திருக்கிறீர்கள். அதற்கடுத்து வரும் பக்கங்களில் எல்லோரும் கடிகாரக்காரர் மாரடைப்பில் இறந்ததாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மின்னூல் என்பதால் இப்போதே திருத்திப் பதிவேற்றிவிடலாம். அந்த நன்றியை நூலின் கடைசிப் பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். நண்பர் கோபித்துக்கொள்ள மாட்டார்.