கட்டிக் கொடுத்த வெப்சைட்டைக் கட்டிக்காப்பது: கேள்வி பதில்

திருப்பூர்: அண்ணா, வேர்ட்பிரஸ்ங்கற சைட் கட்டற மென்பொருள்ல பண்ணின ஒரு பனியன் கம்பெனி சைட், அதை ஓட்டற பிஎச்பி மொழியோட பழைய 7.4 பதிப்புலயே இன்னும் ஓடுதுங்க. ஹோஸ்டிங்காரங்க அடுத்த மாசம் 8.3-க்கு மாத்தறாங்களாம். அப்படியே விட்டுரலாமுங்களா?

பதில்: விட்டுறாதீங்க தம்பி. 7.4-க்குப் பாதுகாப்புத் திருத்தம் வர்றது 2022 நவம்பரோட நின்னு போச்சு, மாறித்தான் ஆகணும். ஆனா எது உடையுதுன்னு அவங்க மாத்தற அன்னைக்குப் பார்க்கக் கூடாது. இப்பவே சைட்டையும் டேட்டாபேஸையும் ஒரு சப்டொமைன்ல நகல் எடுங்க. முதல் வேலையா நகல்ல இருந்து மெயில் போறதை நிறுத்துங்க. இல்லைன்னா சோதனைக்குப் போட்டது வெளிநாட்டு பையருக்கே போய்ச் சேரும். பாஸ்வேர்டு போட்டு மூடிருங்க. பிளகின் (கூடுதல் வசதி தர்ற நிரல்), தீம் (தோற்றத்துக்கான நிரல்) எல்லாம் 7.4-லயே புதுப்பிச்சுட்டு, அப்புறம் நகலுக்கு மட்டும் 8.3 வெச்சு, எரர் லாக்கைப் பார்த்துக்கிட்டே ஒவ்வொரு பக்கமா திறங்க.

பெரும்பாலும் உடையறது, யாரோ எழுதிக் கொடுத்துட்டுப் போன பழைய தீம்தானுங்க. ஒண்ணுமே இல்லாத மதிப்பைக் கவுண்ட் பண்ணினா 7.4-ல எச்சரிக்கையோட பக்கம் ஓடிரும். 8-ல பக்கமே நின்னுரும். ஈச், கிரியேட் ஃபங்ஷன்ங்கற பழைய பிஎச்பி கட்டளை ரெண்டும் 8-ல இல்லவே இல்லை. கவுண்ட், ஈச், கிரியேட் ஃபங்ஷன் மூணையும் தீம் ஃபோல்டர்ல தேடுங்க. கடைசியா நேரடி சைட்டும் 8.3-க்கு மாறினதும் அதுல விசாரணை ஃபார்மை நிரப்பி அனுப்புங்க. திரையில ‘நன்றி’ வந்தாப் போதாது, கம்பெனி இன்பாக்ஸ்ல மெயில் வந்துதான்னு பார்க்கணும்.

பொள்ளாச்சி: ஆட்டோ அப்டேட் வெக்கலாமாண்ணா?

பதில்: வேர்ட்பிரஸ்ஸோட சின்னத் திருத்தங்களுக்குத் தாராளமா வெய்ங்க. ஆன்லைன் கடையை நடத்தற பிளகினுக்கு வேண்டாம். அப்டேட்ல ஏதாவது உடைஞ்சா கைகொடுக்கறது பேக்கப்தான், அது சைட் இருக்கற அதே சர்வர்ல இருந்தா பேக்கப்பே இல்லைங்க.

ஈரோடு: மஞ்சள் மண்டி சைட்டைப் புது சர்வருக்கு மாத்தினதும் தமிழ் எல்லாம் கேள்விக்குறியா வருதுங்க. பழசு இன்னும் நல்லாத்தான் ஓடுது.

பதில்: பழைய சர்வரைத் தயவுசெஞ்சு மூடிறாதீங்க. ‘கோவை’ங்கற சொல் கம்ப்யூட்டருக்கு 4 குறியீடு, ஒவ்வொண்ணும் 3 பைட். அது 12 கோணல் எழுத்தா வந்தா பைட் அப்படியே இருக்கு, பெரும்பாலும் மீட்டுரலாம். 4 கேள்விக்குறியா வந்தா எழுத்தே அழிஞ்சு போச்சு, அந்த நகலை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. வழியில எங்கயோ லத்தீன்1-ங்கற, தமிழ் எழுத்துக்கு இடமே இல்லாத பழைய குறியீட்டு முறை புகுந்திருக்கு. பழைய சர்வர்ல, தமிழைத் தாங்கற யுடிஎஃப்8எம்பி4 முறைன்னு சொல்லியே திரும்ப டம்ப் (டேட்டாபேஸோட மொத்த நகல்) எடுங்க, ஏத்தும்போதும் அதையே சொல்லுங்க. ஒரு டேபிளை மட்டும் முதல்ல ஏத்திப் பாருங்க.

கோயமுத்தூர்: பம்ப்செட் கம்பெனிக்கு 12 பக்க சைட். வருசத்துக்கு ரெண்டு தடவைதான் விலைப்பட்டியல் மாறும். புது ஜாவாஸ்கிரிப்ட் ஃப்ரேம்வொர்க்ல பண்ணலாமுங்களா?

பதில்: வேண்டாம் தம்பி. அந்த மாதிரி சைட்டைக் கட்ட நோட்ங்கற ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டற மென்பொருள் வேணும், அதுல நீண்டகால ஆதரவு உள்ள வெளியீட்டுக்கே சுமார் 30 மாசந்தான் ஆதரவு. அதுக்கப்புறம் ஒரு விலையை மாத்தப் போனாக்கூட பேக்கேஜ் (மத்தவங்க எழுதின துணை நிரல்) ஏறாம நாள் முழுக்க உக்காரணும், அந்தக் கூலியை முதலாளிகிட்ட எப்படிக் கேப்பீங்க? வெறும் எச்டிஎம்எல்ல பண்ணுங்க. விலைப்பட்டியலை ஒரே ஃபைல்ல வெய்ங்க. டொமைன் மட்டும் கம்பெனி பேர்ல, அவங்க மெயில்ல பதிவாகி இருக்கட்டும், உங்க பேர்ல வேண்டாம்.