அனலாக் மிக்ஸருக்கும் டிஜிட்டல் மிக்ஸருக்கும் என்ன வேறுபாடு?

கோயில் கொடை விழாக்களுக்கு மைக்செட் கட்டும் ஒருவர், பல மைக்குகளின் ஒலியைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்ஸரில், பழைய அனலாக் வகையை விட்டு டிஜிட்டலுக்கு மாறலாமா, மாறினால் ஒலி கெட்டுப்போகுமா என்று கேட்டிருக்கிறார். திசையன்விளை, நாங்குநேரி, களக்காடு வட்டாரங்களில் இருபது ஆண்டுகளாக இதே தொழிலைச் செய்து வருகிறவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

ஒலி கெடாது. மைக்கிலிருந்து வரும் மெல்லிய மின்னழுத்தத்தைப் பெருக்கும் முதற்கட்டம் இரண்டு வகையிலும் அனலாக் சுற்றுதான். அதன்பிறகு அனலாக் மிக்ஸரில் அந்த மின்னழுத்தமே ஒவ்வொரு குமிழையும், அளவைக் கூட்டிக் குறைக்க மேலும் கீழும் நகர்த்தும் ஃபேடரையும் கடந்து வெளியே போகிறது. டிஜிட்டலில் அது பெரும்பாலும் நொடிக்கு 48,000 முறை அளக்கப்பட்டு, எண்களாகி, கணக்காகவே கலக்கப்பட்டு, வெளியேறும் இடத்தில் மறுபடியும் மின்னழுத்தமாகிறது. எண்ணாக்கினால் ஒலி படிக்கட்டுப் போல் உடைந்துவிடும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. அந்த வேகத்தில் அளந்தால் 24,000 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள அதிர்வுகள் வளைவு குலையாமல் திரும்பக் கிடைக்கும். மனிதச் செவி கேட்பதோ ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரைதான். இந்த மாற்றத்துக்கு ஓரிரு மில்லிநொடி பிடிக்கும். அதற்குள் காற்றில் ஒலி கடக்கும் தூரம் இரண்டு முழத்துக்குள் அடங்கிவிடும்.

தேரிமணல் பறக்கும் ஊர்களில் வேலை செய்பவருக்கு முதலில் கண்ணில் படும் வேறுபாடு ஃபேடர்தான். அனலாக் ஃபேடரின் தடத்தின் வழியே ஒலியே ஓடுவதால், உள்ளே தூசி சேர்ந்ததும் நகர்த்தும்போதெல்லாம் ஸ்பீக்கரில் கரகரவென்று கேட்கும். டிஜிட்டல் ஃபேடரின் வழியே ஒலி ஓடுவதில்லை. தான் நிற்கும் இடத்தை மட்டும் அது கணினிக்குச் சொல்கிறது.

பழகிய கை தவறுவது கெயினில், அதாவது மைக் ஒலியை முதலில் எவ்வளவு பெருக்குகிறோம் என்பதில். அனலாக்கில் இரைச்சல் அமுங்குவதற்காக அளவைத் தூக்கி வைப்போம், மீட்டரில் பூஜ்யத்தைத் தாண்டினாலும் அதற்கு மேல் கொஞ்சம் இடம் இருக்கும். டிஜிட்டலில் உச்சம் பூஜ்யம் டெசிபல்; அதற்கு மேல் எண் கிடையாது என்பதால் ஒலியின் முகடு அப்படியே வெட்டுப்படும், பிறகு ஃபேடரை இறக்கினாலும் வெட்டுப்பட்டது திரும்பாது. வில்லுப்பாட்டில் வீசுகோல் வில்லின் மணிகளை அதிரவைக்கும்போதும் குடத்தில் ஓங்கி அடி விழும்போதும் அளவு ஒரு கணத்தில் எகிறுவதால், சராசரியை மைனஸ் 18 டெசிபல் அருகில் வைத்து, உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது என் வழக்கம். ஒவ்வொரு அளவையும் மிக நுணுக்கமாகப் பதியும் 24 பிட் கருவியில் அப்படிக் குறைத்து வைப்பதால் இரைச்சல் காதில் படும்படி அதிகமாகாது.

நான் டிஜிட்டலுக்கு மாறியதன் உண்மையான காரணம் அதன் நினைவாற்றல். கொடை மேடையில் வில்லுப்பாட்டுக் குழு இறங்கி, கணியான் கூத்துக்கு மகுடம் என்ற பறை மேடை ஏறும்போது, பழைய மிக்ஸரில் டேப்பை ஒட்டி அதில் எழுதி வைத்த அளவுகளைப் பார்த்து ஒவ்வொரு குமிழாகத் திருப்ப வேண்டும். இப்போது இரண்டு அமைப்புகளையும் தனித்தனிக் காட்சியாகச் சேமித்து ஒரு பொத்தானில் அழைக்கிறேன், மோட்டார் ஃபேடர்கள் தாமே நகர்ந்து பழைய இடத்தில் நிற்கின்றன. தனிப் பெட்டிகளாகச் சுமந்த கம்ப்ரஸர் (எகிறும் ஒலியை அமுக்குவது), கேட் (மெல்லிய இரைச்சலை அடைப்பது), 31 பட்டை ஈக்குவலைசர் (தடித்த, மெல்லிய சுரங்களைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைப்பது) எல்லாம் உள்ளேயே இருக்கின்றன.

இழப்பும் உண்டு. அனலாக்கில் ஒரு குமிழுக்கு ஒரே வேலை. மைக் கூவத் தொடங்கினால் கண் பார்க்குமுன் கை போய்விடும். டிஜிட்டலில் ஒவ்வொரு மைக்குக்குமான சானல்கள் அடுக்கடுக்காக ஒளிந்திருப்பதால், வில்லுப்பாட்டின் முதன்மைப் பாடகரான புலவரின் மைக்கையும் எதிர்ப்பாட்டுக்காரரின் மைக்கையும் முதல் அடுக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மேடையிலிருந்து எண்களாகவே கொண்டுவரும் ஒற்றை நெட்வொர்க் கேபிளில் ஜெனரேட்டர் வயரின் 50 ஹெர்ட்ஸ் உறுமல் ஏறாது. ஆனால் அம்மன் கொடை ஒன்றில் சப்பரத்தின் சக்கரம் அந்தக் கேபிளின் மேல் ஏறியபோது எல்லா மைக்கும் ஒரே நொடியில் மௌனமாயின. ஒவ்வொரு மைக்குக்கும் தனித்தனி வயர் உள்ள பழைய தடித்த மல்டிகோர் கேபிளாக இருந்திருந்தால் ஓரிரு சானல்தான் போயிருக்கும். அன்றிலிருந்து இரண்டாவது கேபிளை வேறு பாதையில் இழுத்து வைக்கிறேன்.

பேச்சும் பக்திப் பாட்டும் மட்டும் என்றால் உங்கள் அனலாக் மிக்ஸரே போதும், மாற்ற வேண்டாம். மாற்றுவதாக இருந்தால் அதே நாளில் சிறிய யூபிஎஸ் ஒன்றும் வாங்குங்கள், ஏனென்றால் கரண்ட் போய் ஜெனரேட்டர் வந்ததும் அனலாக் உடனே பேசும், டிஜிட்டல் மிக்ஸரோ கணினியைப் போல் எழுந்து வர நேரம் எடுக்கும்.