சடை நாய்க்கு மொட்டை வேண்டாம், சிக்கை மட்டும் எடுங்கள்

கேள்வி: உடுமலைப்பேட்டை பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். தென்னையோடு நான்கு கறவை மாடு, இருபது செம்மறி. மகள் ஆசைப்பட்டு வாங்கிய வெள்ளை ஸ்பிட்ஸ் நாய் ஒன்று, வயது மூன்று. தோப்பில் புரண்டு புரண்டு உடம்பெல்லாம் சிக்கு. வெயிலும் ஏறுகிறது. ஆட்டுக்கு ரோமம் எடுக்கும் கத்தரியாலேயே மொட்டை அடித்துவிடலாமா? மிஷின் வாங்குவதென்றால் எது வாங்குவது?

பதில்: அந்தக் கத்தரியை முதலில் பரணில் ஏற்றி வையுங்கள். நாயின் தோல் உடம்போடு ஒட்டாமல் தொளதொளவென்று இருக்கும். முடி சிக்காகி இறுகும்போது தோலும் அதற்குள் இழுபட்டு மேலே வந்துவிடும். முடி என்று நினைத்து வெட்டினால் தோல்தான் கிழியும்.

அடுத்து மொட்டை. ஸ்பிட்ஸுக்கு இரண்டடுக்கு முடி. மேலே நீளமானது, உள்ளே பஞ்சு மாதிரி. மேல்முடி வெயிலைத் தோலில் படவிடாது. நமக்கு வியர்ப்பதுபோல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் பெரும்பாலும் சூட்டைத் தணிக்கும். ஆகவே மழித்துவிட்டால் குளிர்ச்சி என்பது நம் கணக்கு. வெள்ளை நாயின் இளஞ்சிவப்புத் தோல் நேரடி வெயிலில் வெந்துபோகும். மழித்த முடி திட்டுத்திட்டாக முளைப்பதும், மாதக்கணக்கில் முளைக்காமலே இருப்பதும் இந்த இனத்தில் உண்டு. உதிரும் உள்பஞ்சை வாரம் இரண்டு முறை அகலப்பல் சீப்பால் வாரி எடுங்கள், காற்று உள்ளே போகும். அப்புறம் தோப்பு நிழலும் தண்ணீரும் போதும்.

சரி, மிஷின். உங்களுக்குச் சிக்கு எடுக்கவும், பாதத்தின் அடிமுடியையும் ஆசனவாயைச் சுற்றியுள்ள முடியையும் குறைக்கவும்தான் தேவை. தாடி டிரிம்மர் இந்த அடர்ந்த முடியில் திணறி நின்று முடியைப் பிடுங்கும். நாய்க்கென்று வரும் கிளிப்பரில் பிளேடு கழற்றி மாட்டும் வகையாகப் பாருங்கள். பிளேடு எண் கூடக்கூட முடி குட்டையாகும். 10ஆம் எண் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் விடும். உங்கள் வேலைக்கு அது ஒன்றே போதும். 40ஆம் எண் தோலை ஒட்ட மழிப்பது, மருத்துவர் கையில் இருக்கட்டும். கடையிலேயே ஓட்டிக் கையில் பிடித்துப் பாருங்கள். சத்தமும் அதிர்வும் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. சார்ஜ் மிஷின் வசதிதான், ஆனால் சார்ஜ் இறங்கி வேகம் குறைந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

வாங்கிய அன்றே வெட்ட உட்காராதீர்கள். இரண்டு மூன்று நாள், அது சோறு தின்னும்போது சற்றுத் தள்ளி மிஷினை ஓடவிடுங்கள். சிக்கு எடுக்குமுன் குளிப்பாட்டவும் வேண்டாம், நனைந்த சிக்கு இன்னும் இறுகும். முதலில் விரலால் பிரித்துப் பாருங்கள். பிரியாததை மட்டும், தோலை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, பிளேடைத் தோலோடு படுக்கையாக வைத்து, முடி வளரும் திசையிலேயே சிக்குக்கு அடியில் மெல்ல ஓட்டுங்கள். அக்குள், தொடையும் வயிறும் சேரும் மடிப்பு, முலைக்காம்பு, காது ஓரம் ஆகிய இடங்களில் அவசரம் கூடாது. காதோரச் சிக்கில் மடல் எங்கே முடிகிறதென்றே தெரியாது. காது முழுக்க இறுகியிருந்தால் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். சிக்கு விலகியதும் நாய் தலையை உதறி உதறி மடலுக்குள் இரத்தம் கட்டிக்கொள்வதுண்டு.

வீட்டில் வெட்டுபவர்கள் கோட்டைவிடுவது பிளேடு சூட்டில்தான். வெட்டுக்காயமாவது கண்ணுக்குத் தெரியும், சூட்டுக்காயம் மறுநாள்தான் சிவந்து தெரியும். மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை பிளேடை உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். சுட்டால் ஆறவிடுங்கள். தொடங்கும்போதும் இடையிலும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தென்னந்தோப்புக்காரர் ஆயிற்றே என்று தேங்காய் எண்ணெய் விட்டுவிடாதீர்கள், பிசினாகிப் பிளேடு சிக்கிக்கொள்ளும். ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடம் போதும், மீதியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். கடிக்க வந்தால் வாயை நெடுநேரம் கட்டிப்போடாதீர்கள். இரைக்க முடியாமல் சூடேறிவிடும்.

சிறு கீறலென்றால் சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்து, போவிடோன் அயோடின் தடவுங்கள். வாய் பிளந்த காயமோ, சிக்குக்கு அடியில் நாற்றமோ புழுவோ தெரிந்தால் கால்நடை மருந்தகம்தான். உண்ணி இருக்கிறதென்று மண்ணெண்ணெய், பினாயில் ஊற்றுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம். மாட்டுக்கு வாங்கி வைத்த உண்ணி மருந்தையும் கேட்காமல் நாய்க்குப் போடாதீர்கள். உங்களைக் கடித்துவிட்டால், ஊசி போட்ட நாய்தானே என்று இருந்துவிடாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்று. இப்படித் தோப்பில் புரளும் நாயின் சிக்கைப் பிரித்தால் பெரும்பாலும் நடுவில் நாயுருவி விதையோ ஒட்டுப்புல்லோ இருக்கும். நாயுருவி, பெயரிலேயே நாயை வைத்திருக்கும் செடி. வாய்க்கால் ஓரத்திலும் வேலியடியிலும் அது கதிர் விடுமுன் அறுத்துப் போட்டுவிட்டால் மிஷினுக்குப் பாதி வேலை குறையும்.